விளக்கு வேறு, விசை வேறு

கைத்துப்பாக்கியின் குழலுக்குக் கீழே பொருத்தும் சிறு எல்.இ.டி. விளக்கைப் பற்றிப் படித்தபோதும் கேட்டபோதும் குறித்து வைத்தவை இவை. எல்லாமே அமெரிக்கக் காவல்துறையைச் சுற்றியவை. அங்கே ரோந்துக் காவலர் ஒவ்வொருவர் இடுப்பிலும் பிஸ்டல் தொங்குகிறது. அதோடு விளக்கும் சேர்ந்தே வருவது இப்போது சாதாரணம்.

*

1979. நியூ ஜெர்சியில் மார்கேட் என்ற கடலோர ஊர் சம்பந்தப்பட்ட தீர்ப்பு. இரவில் சந்தேக நபர் ஒருவனைத் துரத்திய காவலர் சுட்டார். இறந்தவர் அவனல்லர், சத்தம் கேட்டு வீட்டுக்கு வெளியே வந்த, எந்தப் பாவமும் அறியாத ஒருவர். அந்தக் காவலருக்கு இரவில் சுடுவதற்கோ, ஓடுகிற ஆளைச் சுடுவதற்கோ, குடியிருப்புகளுக்கு நடுவே சுடுவதற்கோ பயிற்சியே தரப்படவில்லை என்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. துப்பாக்கி விளக்கைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் முன்னால் வருகிறது. எதிரில் நிற்பவர் யார், அவர் கைகள் எங்கே இருக்கின்றன, கையில் இருப்பது கைபேசியா கத்தியா என்று தெரிந்துகொள்ளத்தான் விளக்கு. சுட வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ளக் கிடைக்கும் ஒரு நொடிக்காகத்தான் இத்தனை செலவும்.

*

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது லுமன். விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியேறும் மொத்த ஒளியின் அளவு அது. ஒரே திசையில், கற்றையின் நடுவில், ஒளி எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதைச் சொல்வது கேண்டலா. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இரண்டையும். விற்கிறவர் கூவுவது ஒன்றை மட்டும்.

ஸ்ட்ரீம்லைட் நிறுவனத்தின் சிறிய விளக்கு டி.எல்.ஆர்.-7ஏ: 500 லுமன், 5,000 கேண்டலா. அதே நிறுவனத்தின் பெரிய விளக்கு டி.எல்.ஆர்.-1 எச்.எல்.: 1,000 லுமன், 20,000 கேண்டலா. லுமனைப் பார்த்தால் இரண்டு மடங்கு. கேண்டலாவைப் பார்த்தால் நான்கு மடங்கு. ஷ்யூர்ஃபயர் என்ற இன்னொரு நிறுவனத்தின் எக்ஸ்300 அல்ட்ராவும் 1,000 லுமன்தான், ஆனால் 11,300 கேண்டலா. அதாவது அதே அளவு ஒளியைக் கொஞ்சம் அகலமாகப் பரப்புகிறது.

பெட்டியில் எழுதியிருக்கும் ‘ஒளி எட்டும் தூரம்’ ஒரு சூத்திரம். கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் வந்துவிடும். 5,000க்கு 141 மீட்டர், 20,000க்கு 283. வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு விழும் இடம் அது; லக்ஸ் என்பது ஒரு பரப்பில் வந்து விழும் ஒளியின் அளவு. ஏறத்தாழ முழுநிலவு வெளிச்சம். முழுநிலவில் 141 மீட்டர் தள்ளி நிற்பவரின் கையில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்தத் தூரக் கணக்கை நம்பி ஒன்றும் முடிவுசெய்யக் கூடாது.

நானே வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். கேண்டலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அங்கே விழும் லக்ஸ். 7 மீட்டரில், அதாவது ஒரு வீட்டுக் கூடத்தின் நீளத்தில், சிறிய விளக்கு 100 லக்ஸுக்குச் சற்று மேல் தருகிறது. இருட்டு வீட்டில் கையைப் பார்க்க அது தாராளம். 25 மீட்டரில் அதே விளக்கு தருவது 8 லக்ஸ். பெரியது 32. தெருவிளக்குக்கு அடியிலோ, எதிரே கார் முகவிளக்கு எரியும்போதோ அந்த 8 லக்ஸ் கரைந்துபோகும். அகன்ற வயல்வெளியும் நெடுஞ்சாலையும் பார்க்கிற காவலருக்குச் சிறிய விளக்கு போதாது. அடுக்குமாடிப் படிக்கட்டும் குறுகிய நடையும் பார்க்கிறவருக்குப் போதும். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியில் தன் கண்ணே கூசும் தொல்லையும் அவருக்குக் குறைவு.

*

சிறியது எதற்கு? சீருடையில் இருப்பவர் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. பெரிய விளக்கையே மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டி.எல்.ஆர்.-7ஏயின் எடை 68 கிராம்; டி.எல்.ஆர்.-1 எச்.எல். 122 கிராம். வேலை நேரம் முழுக்க இடுப்பில் சுமப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியும் என்றாலும், அதற்காக மட்டும் ஒளியை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். க்ளாக் 19 போன்ற நடுத்தர அளவுள்ள பிஸ்டலில் சிறியது குழல் வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்காது. மப்டியில் போகும் துப்பறிவாளர் சட்டைக்குள் அதே துப்பாக்கியை வைத்துக்கொள்ள முடியும். இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படும் காரணம் உறையில் இருக்கிறது. அதைக் கீழே எழுதுகிறேன்.

இன்னும் சிறியவையும் உண்டு. ஷ்யூர்ஃபயர் எக்ஸ்.சி.1க்கு டி.வி. ரிமோட்டில் போடும் ஒற்றை ஏஏஏ பேட்டரி போதும். பணிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அவ்வளவு சிறிய உடலிலிருந்து அவ்வளவுதான் ஒளி வரும்.

*

சுவிட்ச். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் கடைசியில் பார்க்கிறார்கள்.

ஒரு காலத்தில் பிடியின் முன்பக்கம், விசைக் காப்பு வளையத்துக்கு நேர் கீழே, ஓர் அழுத்து சுவிட்ச் வைத்தார்கள். துப்பாக்கியைப் பிடித்திருக்கும் கையின் நடுவிரல் அழுத்தினால் விளக்கு எரியும். கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் அந்த நடுவிரலுக்கு ஒரு விரற்கடை மேலே சுட்டுவிரல் இருக்கிறது, அதன் அருகே சுடும் விசை இருக்கிறது. 2010இல் டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் போதைப்பொருள் நடவடிக்கை ஒன்றில் காவலர் ஒருவர் இந்தச் சுவிட்சை அழுத்தப் போய் விசையை அழுத்திவிட்டார். எதிரில் இருந்தவர் இறந்தார். டென்வர் நகரக் காவல்துறை தன் காவலர்களிடமே இத்தகைய சம்பவங்களைப் பார்த்த பிறகு, 2014இல் இந்த வகைச் சுவிட்சை விலக்கியது.

விரல்கள் தனித்தனியாக வேலை செய்வதாக நமக்குத் தோன்றுகிறது. பதற்றத்தில் அப்படி இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் உடலியக்கவியல் பேராசிரியர் ரோஜர் எனோகா, நினையாமல் வெடிக்கும் துப்பாக்கிகளுக்குப் பின்னால் உள்ள தசைச் சுருக்கங்களை மூன்றாகச் சொல்கிறார்: ஒரு கை இறுகும்போது மற்றக் கையும் கூடவே இறுகுவது, கால் தடுமாறும்போது கை தானாகப் பற்றுவது, திடுக்கிடும்போது உடம்பே சுருங்குவது. மூன்றும் இருட்டில், படியில், ஓட்டத்தில் நடக்கக்கூடியவை. காவலர் வேண்டுமென்று செய்வதில்லை. ஆகவே, சுடும் கையின் எந்த விரலுக்கும் விளக்கில் வேலை இருக்கக் கூடாது. விளக்கை எரிக்க வேண்டியது தாங்கும் கையின் கட்டைவிரல். விளக்கு மேலே வரும்போதெல்லாம் சுட்டுவிரல் விசையை விட்டு விலகி, துப்பாக்கிச் சட்டத்தின் பக்கவாட்டில் நீண்டு படிந்திருக்க வேண்டும். சுவிட்ச் எங்கே இருந்தாலும் இந்தப் பழக்கம் இல்லையென்றால் ஆபத்துதான். தவறான இடத்தில் இருக்கும் சுவிட்ச் அந்த ஆபத்தை வளர்க்கிறது.

முதலில் வந்த டி.எல்.ஆர்.-7இல் சுவிட்ச் பக்கவாட்டில் இருந்தது. உள்நோக்கி அழுத்த வேண்டும். அடுத்து வந்த 7ஏயில் பின்பக்கத்துக்கு வந்துவிட்டது, கட்டைவிரல் இயல்பாகப் போய்ச் சேரும் இடத்துக்கு. உயரமான இதழ் கொண்ட சுவிட்ச் ஒன்று, தாழ்வானது ஒன்று என இரண்டையும் பெட்டியிலேயே தருகிறார்கள். இரண்டையும் மாட்டிப் பார்க்காமல் ஒருவர் முடிவுசெய்யக் கூடாது. சின்னக் கை உள்ள பெண் காவலருக்குப் பொருந்துவது ஆறடி ஆளுக்குப் பொருந்தாது. குளிர்காலக் கையுறையோடும் பார்க்க வேண்டும். இடக்கைக்காரர் தன் கட்டைவிரல் எட்டுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

7ஏயைத் தட்டிவிட்டால் நிலையாக எரியும். அழுத்திப் பிடித்தால் விடும்வரை எரியும். எக்ஸ்300இல் முன்னால் தள்ளிப் பிடித்தால் விடும்வரை, மேலோ கீழோ திருப்பினால் நிலையாக. இரண்டுமே நல்ல ஏற்பாடுகள். ஒரே துறையில் இரண்டும் கலந்து இருப்பது நல்லதில்லை. இருட்டில் சக காவலரின் துப்பாக்கியை எடுக்க நேர்ந்தால் கட்டைவிரல் குழம்பும்.

*

விளக்கு மாட்டினால் துப்பாக்கி பழைய துப்பாக்கி இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்கக் காவல்துறைகள் பரவலாக வைத்திருந்த .40 காலிபர் க்ளாக் 22, விளக்கு மாட்டியதும் சில துறைகளில் தடைபட ஆரம்பித்தது. சுடும் அதிர்வில் பிளாஸ்டிக் சட்டம் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. முன்னால் எடை தொங்கியதும் அந்த வளைவின் தாளம் மாறிவிட்டது. அடுத்த தோட்டா மேலே ஏறி வருவதற்குள், முன்னும் பின்னும் நகரும் மேல்பாகமான ஸ்லைடு முந்திக்கொண்டது. மகசினுக்கு இன்னும் வலுவான ஸ்பிரிங் கொடுத்துச் சரிசெய்தார்கள். 9 எம்.எம். துப்பாக்கிகளில் இந்தத் தொல்லை அரிது. இருந்தாலும், பணிக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவை, பணிக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு மகசினிலிருந்தும், விளக்கு மாட்டிய நிலையில் சுட்டுப் பார்க்காமல் இடுப்பில் வைப்பது அலட்சியம்.

*

உறை. இன்றைய காவலர் உறைகள் விளக்கைச் சுற்றியே வார்க்கப்படுகின்றன. உறை தயாரிக்கும் சஃபாரிலேண்ட் நிறுவனத்தின் பட்டியலில் துப்பாக்கியின் பெயர் மட்டும் போதாது, விளக்கின் பெயரும் வேண்டும். விளக்கை மாற்றினால் பெரும்பாலும் உறையையும் மாற்ற வேண்டும். ஐம்பது பேர் உள்ள துறை விளக்கு வாங்கக் கணக்குப் போடும்போது ஐம்பது உறைகளையும் சேர்த்தே போட வேண்டும். இதை மறந்து, பொருந்தாத உறையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு திரியும் காவலரை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மேல் இல்லை, வாங்கிக் கொடுத்தவர்கள்மேல்.

மேலே சொன்ன காரணம் இதுதான்: விளக்கு அகலமானால் உறையின் வாயும் அகலமாக வேண்டும், ஏனென்றால் விளக்கு உள்ளே நுழைய வேண்டும். வாய் அகன்றால் விசைக் காப்பு வளையத்தின் பக்கத்தில் இடைவெளி வரும். கட்டிப்புரளும்போது அதில் ஒரு சாவியோ, ஜாக்கெட்டின் இழுகயிறோ, பறிக்க வருபவன் விரலோ நுழையலாம். குறுகலான விளக்கு இந்த இடைவெளியைக் குறைக்கிறது. நகரத்தில் வேலை பார்க்கும் காவலருக்குச் சிறிய விளக்கை நான் முன்னால் வைப்பதற்கு இதுவே பெரிய காரணம். எதை வாங்கினாலும், காலியான துப்பாக்கியை உறையில் வைத்து, மேலிருந்து எட்டிப் பார்த்து, விசை தெரிகிறதா என்று சோதிக்க ஒரு நிமிடம் போதும்.

*

பேட்டரி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சி.ஆர்.123ஏ, 3 வோல்ட் லித்தியம். பிரிக்காமல் பத்து வருடம் இருக்கும். பெரிய விளக்குகளில் இரண்டு. பழையதும் புதியதும் கலந்து போட்டால் சூடேறி வெடிக்கக்கூடும். ஒன்றே ஒன்று போடும் சிறியவற்றில் அந்தக் கவலை இல்லை. தீரும்வரை காத்திருக்காமல் குறித்த தேதியில் மாற்றிவிட வேண்டும். 7ஏயில் முன்மூடியைத் திருகிக் கழற்றினால் பேட்டரி வந்துவிடும், விளக்கைத் துப்பாக்கியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் அப்போது விரல்கள் குழல் வாய்க்கு முன்னால் இருக்கும். தோட்டாவை எடுத்து, தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே மூடியில் கை வைக்க வேண்டும்.

*

துப்பாக்கி விளக்கு வாங்கியாயிற்று, இனிக் கை டார்ச் எதற்கு என்று கேட்கும் காவலரிடம் கோபப்படாமல் விளக்க வேண்டும். துப்பாக்கி விளக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே குழலும் பார்க்கிறது. ஓட்டுநர் உரிமத்தைப் படிக்கவும், தொலைந்த குழந்தையைத் தேடவும், காருக்குள் எட்டிப் பார்க்கவும் துப்பாக்கியை நீட்ட முடியாது. துப்பாக்கியை ஏற்கெனவே உருவ நியாயம் இருந்தால்தான் அந்த விளக்குக்கு வேலை. அப்போதும் ஆள்மேல் நேராகக் காட்டாமல், அவர் காலுக்கு முன்னே தரையில் காட்டினால், தெறிக்கும் ஒளியிலேயே அறை முழுக்கத் தெரியும்; கைகளும் தெரியும். 500 லுமன் இதற்குப் போதும். மலிவு மங்கல் விளக்கில் இது நடக்காது.

*

சுடும் பயிற்சி முடிந்ததும் லென்ஸைப் பார்க்க வேண்டும். குழல் வாயிலிருந்து வரும் புகைக்கரி முன்கண்ணாடியில் கெட்டியாகப் படியும். ஒளி பாதியாகக்கூடக் குறைந்துவிடும். பயிற்சிக்கு முன்பே உதட்டுக்குப் பூசும் லிப் பாமை லென்ஸில் மெல்லத் தடவிவிட்டால் கரி அதன்மேல் படியும், துடைத்தால் வந்துவிடும். பணிக்குப் புறப்படும் முன் லென்ஸ் சுத்தமாக இருக்க வேண்டும், பாம் பூசியபடி இருக்கக் கூடாது. கூடவே, குழலுக்குக் கீழே உள்ள பொருத்து தண்டில் (ரெயில்) விளக்கைப் பிடித்திருக்கும் திருகின்மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. திருகு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிவிடும்.