ஆமத்தூர் ரோட்டில் வீட்டைத் தள்ளினோம்

கேரவன்னா ஹீரோ ஹீரோயின் ஷூட்டிங் நடுவுல உக்கார்ற வண்டின்னுதான் நம்ம ஊர்ல பல பேருக்குத் தெரியும். கேரளாக்காரங்க 2021-ல 'கேரவன் கேரளா'ன்னு ஒரு திட்டமே போட்டு, டூரிஸ்டுகளுக்கு அந்த மாதிரி வண்டிய விட ஆரம்பிச்சாங்க. எங்க பெரியப்பா பையன், அண்ணன், அதைப் பாத்துட்டு ஒரு பழைய வேனை வாங்கி கரூர்ல ஒரு பட்டறையில குடுத்தார். ரெண்டு படுக்கை, சிங்க், குட்டி ஃபிரிட்ஜ், அடுப்பு, அஞ்சு கிலோ கேஸ் சிலிண்டர்னு வேன் வீடாயிடுச்சு. ஆர்.சி. புக்குல அதை மாத்தி எழுத அவர் நடந்த நடை தனிப்பதிவுக்கு ஆகும். இன்னொரு நாள் பாக்கலாம்.

போன மாசம் அந்த வீட்டுல குற்றாலம் கிளம்பினோம். அண்ணன், அண்ணி, அவங்க ஏழு மாசப் பாப்பா, எங்க அம்மா, அப்புறம் மெக்கானிக்கல் படிச்சுட்டு பெங்களூர்ல பொட்டி தட்டுற அடியேன். விருதுநகர்ல சித்தி வீட்ல ஒரு ராத்திரி. எண்ணெய் பரோட்டா. (மதுரைக்காரங்க மன்னிக்கணும், பரோட்டான்னா அது விருதுநகர்தான்.) மறுநாள் மத்தியானம் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா போறதா பிளான்.

ஆமத்தூர் தாண்டி கொஞ்ச தூரத்துல டேஷ்போர்டுல பேட்டரி லைட் எரிஞ்சுது. கூடவே டெம்பரேச்சர் முள்ளும் மேல ஏறுது. ரெண்டும் ஒண்ணா வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பெல்ட்டை. இந்த வண்டியில ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுத்துது. பெல்ட் போச்சுன்னா சார்ஜும் கிடையாது, எஞ்சினுக்குள்ள தண்ணி ஓட்டமும் கிடையாது. அண்ணன் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அமத்திட்டார்.

திறந்து பாத்தா, ஆல்டர்னேட்டரைத் தாங்குற பிராக்கெட் உடைஞ்சு, அது பாட்டுக்கு ஒரு போல்ட்ல தொங்கிட்டு இருக்கு. உடைஞ்ச முகத்துல முக்கால்வாசி துருப்பிடிச்சு கறுத்து இருந்துச்சு, மிச்சம் மட்டும் வெள்ளி மாதிரி பளபளப்பு. காலேஜ்ல ஃபெடீக்னு ஒரு சேப்டர் படிச்சோமே, அதேதான். பல நாளா கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு, கடைசி கொஞ்சம் இன்னிக்குப் பிச்சுக்கிச்சு. ஃபிரிட்ஜ், ஃபேனுக்காக ரெண்டாவது பேட்டரி வச்சாங்க. அதுக்கு சார்ஜ் ஏத்த பெரிய ஆல்டர்னேட்டர் போட்டாங்க. பிராக்கெட் மட்டும் பழசு. கூடுதல் எடை, டைட்டா இழுத்த பெல்ட், நம்ம ஊர் ரோடு... பாவம், அது என்ன பண்ணும்?

சித்தப்பாவுக்கு போன் போட்டு, தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைப் பிடிச்சோம். அதுக்குள்ள பாப்பா பசியில வீல்னு அழ, பால் பவுடர் கலக்க சுடுதண்ணி வைக்கலாம்னு அம்மா தீப்பெட்டிய கையில எடுத்தாங்க.

"எம்மா... எம்மா! பத்த வைக்காதீங்க!"

காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருத்தர் ஓடி வர்றார். பக்கத்துல சீமைக் கருவேலத்துக்குப் பின்னால முள்வேலி, தள்ளித் தள்ளி குட்டிக் குட்டி ரூம்கள். தூரத்துல இருந்து பாத்தா கோழிப்பண்ணை மாதிரிதான் தெரியும். பட்டாசு ஆலை. அவர் அங்க வாட்ச்மேன்.

"உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"அடுப்பு, கேஸ் சிலிண்டர்ணே."

அவர் மூஞ்சி மாறிடுச்சு. "இங்க நிக்கக்கூடாது தம்பி. மொதல்ல வண்டிய நகட்டுங்க."

எஞ்சின் போடக்கூடாது, ஆளோ அண்ணனும் நானும்தான். நல்ல வேளையா வேலை முடிஞ்சு ஆளுங்க வெளிய வர்ற நேரம். பெரும்பாலும் பொம்பளைங்க. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, கை பூரா அலுமினியப் பவுடர் மினுமினுப்பு. பத்துப் பதினைஞ்சு பேர் பின்னால வந்து கை வச்சாங்க. "வண்டியாக்கா இது, வீட்டையே தள்ளுற மாதிரில்ல இருக்கு"ன்னு ஒரே சிரிப்பு. முந்நூறு மீட்டர் இருக்கும், டீக்கடை வரைக்கும் தள்ளிட்டோம். டீக்கடைக்கார அக்கா கேக்காமலே சுடுதண்ணி குடுத்தாங்க. பாப்பா அமைதி.

தள்ளினதுல வயசான ஒரு அம்மாகிட்ட நன்றி சொன்னேன். அவங்க சிரிக்கல. "தீன்னா கிட்ட நின்னு பாக்கக்கூடாதுய்யா. முதலிப்பட்டில அப்படிப் போய்தான் நெறய சனம் போச்சு"ன்னாங்க. 2012 செப்டம்பர் 5. செத்தவங்க 38 பேர்னு அப்ப பேப்பர்ல வந்துச்சு. அதுல நிறைய பேர் ஆலையில வேலை பாக்குறவங்களே இல்ல. முதல்ல பிடிச்ச தீயப் பாத்து, காப்பாத்தலாம்னும் வேடிக்கை பாக்கவும் சுத்துப்பட்டு ஊர்ல இருந்து ஓடி வந்தவங்க. காலேஜ் ஹாஸ்டல் டி.வி.ல பாத்தப்போ அது எனக்கு ஒரு நியூஸ், அவ்ளோதான்.

மெக்கானிக் ஒரு பழைய எக்ஸெல்ல வந்தார். வண்டிய நிறுத்தும் முன்னாடியே முதல் கேள்வி: "வெடி ஏத்திருக்கீகளா?" வெளியூர் வண்டின்னாலே சிவகாசியில பட்டாசு வாங்கி அடைச்சிருப்பாங்கன்னு அவர் கணக்கு. இல்ல, இனிமேதான் சிவகாசியே போகணும்னதும்தான் எஞ்சின் பக்கம் தலைய நீட்டினார்.

"வெல்டிங் செட்டை இங்கயே கொண்டு வந்திரலாமாண்ணே?"ன்னு அண்ணன் கேட்டார்.

"இந்த ரோட்டுல பொறி பறக்குற வேலை எதையும் வெளிய வச்சு செய்ய மாட்டேன் தம்பி. கழட்டிக் கொண்டு போய் செஞ்சுட்டு வாரேன்."

பிராக்கெட்டைக் கழட்டி சாக்குல சுத்தி திருத்தங்கல் கொண்டு போனார். ரெண்டு மணி நேரம். திரும்பி வந்தப்போ பின்பக்கம் ஒரு தாங்கு பட்டை வச்சு வெல்டு பண்ணி, நம்பர் பாத்து புது பெல்ட்டும் வாங்கியிருந்தார். ரேடியேட்டர் நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான் மூடியத் திறந்து கூலன்ட் ஊத்தினார். கடைசியா ரெண்டாவது பேட்டரிக்குப் போற ஒயரையும் கழட்டி விட்டுட்டார். "குத்தாலம் வரைக்கும் ஃபிரிட்ஜ் வேண்டாம், பாத்துக்கிடுங்க." மொத்தம் 1,800 ரூபா. பெங்களூர்ல இந்தக் காசுக்கு வண்டிய எட்டிப் பாக்கவே மாட்டாங்க :-)

ராத்திரி பதினோரு மணிக்கு குற்றாலம். ரெண்டு நாளும் நல்ல தண்ணி. ஆனா அடுப்ப மட்டும் அம்மா தொட விடல, மூணு வேளையும் கடைச் சாப்பாடுதான்.

வண்டி இப்ப திரும்பவும் கரூர்ல நிக்குது. சிலிண்டரைத் தூக்கிட்டு இண்டக்ஷன் அடுப்பு வைக்கப் போறாராம் அண்ணன். அதுக்கு இன்னும் பெரிய பேட்டரி வேணும். அதுக்கு இன்னும் பெரிய ஆல்டர்னேட்டர் வேணும். பிராக்கெட்டைப் பத்தி நேத்து போன்ல கேட்டேன். "அது கெடக்கு விடுறா"ன்னார்.