ஒரு வெள்ளை நாயின் குலமுறை

மலர்க்குழுவினர் நம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டனர். நம் கல்லூரியின் தாபகர்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் ஆடுகளத்து வீரர்களைப் பற்றியும் எழுதத் தக்கார் பலர் உளர். ஆகவே, பிறர் தொடாததும் நாம் ஓரளவு அறிந்ததுமான ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது நாய். வைரவப் பெருமானுக்கு வாகனமாய் நிற்பதும், தருமபுத்திரரின் இறுதி யாத்திரையில் உடன் சென்றதும் நாயே ஆதலின், இந்துக் கல்லூரி மலரில் அதற்கு இடமில்லையென எவரும் கூறார் என நம்புகின்றோம்.

நாய்களுள்ளும் நாம் எழுதப் புகுந்தது புல் ரெரியர் என்னும் ஆங்கில இனத்தைப் பற்றியாகும். முட்டை வடிவான நீண்ட முகம், முக்கோணச் சிறு கண், நிமிர்ந்த காது, திரண்ட உடல், பெரும்பாலும் வெண்ணிறம். ஒருமுறை கண்டார் மறவார். இதனை வளர்ப்போர் இருவர் சந்திப்பின், நாயின் சுகத்தை விசாரிப்பதற்கு முன்னரே அதன் குலத்தை விசாரிப்பர். கம்பர் இராமனின் குலமுறை கிளத்துவதற்கு ஒரு படலம் வகுத்தார். இவர்கள் தம் நாய்க்கு அதனினும் நீண்ட படலம் பாடுவர்.

இக்குலத்தின் தொடக்கம் அத்துணை உயர்ந்ததன்று. காளையையும் கரடியையும் கட்டி வைத்து நாய்களை ஏவிக் களித்த இங்கிலாந்தில், 1835ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விளையாட்டுகளைத் தடை செய்தது. புல்டோக்கையும் ரெரியரையும் கலந்து பெற்ற சண்டைநாய்கள், பல நிறமும் கோணல் உருவமுமாய், மறைவிடங்களில் தொடர்ந்து வாழ்ந்தன. பேர்மிங்காம் நகரில் பிராணிகளை வாங்கி விற்று வந்த ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர், அந்நாய்களோடு வெள்ளை ஆங்கில ரெரியரையும், டல்மேசியனையும் கலந்து, முழு வெள்ளையான அழகிய நாயொன்றை உருவாக்கினார் என்பர். 1862ஆம் ஆண்டு பேர்மிங்காம் கண்காட்சியில் அது அரங்கேறியது. அழகு வந்தபின் வீரம் போயிற்றென எள்ளியவர்களுக்கு விடையாக, ஹிங்க்ஸ் தம் 'பஸ்' என்னும் பெட்டையைப் பழைய வகை நாயொன்றோடு பொருதவிட்டு வென்றார் எனவும், மறுநாட் கண்காட்சியில் அதுவே பரிசும் பெற்றது எனவும் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, வெள்ளை நிறமே குலத்தின் கொடியாயிற்று.

அதன்பின் வந்த வரலாறு மாந்தர் விருப்பத்தின் வரலாறாகும். 1887இல் இவ்வினத்திற்கெனத் தனிக் கழகம் தோன்றிற்று. காதை வெட்டிக் கூராக்கும் வழக்கத்தை 1895இல் ஆங்கிலக் கெனல் கழகம் விலக்கியபோது, காது தொங்கிய நாய்கள் பொலிவிழந்தன. இயல்பாகவே காது நிமிர்ந்த கால்வழியைத் தேடி வளர்க்கப் பல ஆண்டுகள் சென்றன. 1917ஆம் ஆண்டில் 'லோட் கிளாடியேற்றர்' என்னும் கடுவன் பிறந்தது. நெற்றிக்கும் மூக்கிற்கும் இடையே பள்ளமின்றி, வில்போல் வளைந்து இறங்கிய முகம் அதற்கு வாய்த்தது. இன்று நாம் காணும் முட்டைமுகம் அந்நாயின் கொடை. 1930இல் ஏற்படுத்தப்பட்ட றீஜன்ற் கிண்ணம், ஆண்டுதோறும் புதிதாக அரங்கேறியவற்றுள் சிறந்த நாய்க்கு அளிக்கப்பட்டது. அக்காலத்திற்குப்பின் றேமண்ட் ஒப்பன்ஹைமரின் 'ஓர்மண்டி', ஈவா வெதரிலின் 'சூப்பர்லேற்றிவ்' என்னும் இரு நாய்மனைகளும் கூடி நின்று, உலகெங்கும் தம் பெயர் தாங்கிய நாய்களைப் பரப்பின. ஒப்பன்ஹைமர் 1964இல் இவ்வினத்தின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். 1972இல் 'அப்ராக்சஸ் ஓடாசிற்றி' என்னும் வெள்ளை நாய், கிறவ்ற்ஸ் பெருங்கண்காட்சியில் எல்லா இனங்களையும் வென்றது.

கடல் கடந்து நம் பக்கமும் இக்குலம் வந்தது. ஆங்கிலப் படையினரோடு இந்தியா வந்த புல் ரெரியர்களின் நினைவை, கிப்ளிங் 1899இல் எழுதிய 'கார்ம்' என்னும் கதையிற் காணலாம். பஞ்சாபில் அவை நாட்டு நாய்களோடு கலந்து 'குல் ரெரியர்' என்னும் வெள்ளை இனமொன்று தோன்றிற்று. அது இன்றும் உளது.

இவ்வளவும் பெருமை. இனி அப்பெருமைக்குக் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும்.

செவியின் உட்புறத்தே நிறமிக் கலங்கள் சில உள. ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் உயிரோடிருக்க அவை வேண்டும். உடல் முழுவதும் வெளுத்த நாயில் சில வேளை அக்கலங்கள் செவியைச் சென்றடைவதில்லை. குட்டி பிறந்து சில வாரங்களுள் அச்செவி கெட்டுவிடுகின்றது. வெள்ளைப் புல் ரெரியர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஒரு காதிலேனும் செவிடு என்றும், நிறமுடையவற்றுள் நூற்றுக்கு ஒன்றிரண்டே அவ்வாறாகும் என்றும் சோதனையாளர் கண்டனர். ஹிங்க்ஸ் கலந்த வெள்ளை ஆங்கில ரெரியர் இனமும் செவிட்டுத்தன்மையால் நலிவுற்று அழிந்துபோனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெட் லையன் என்பவர் கோடிட்ட நிறத்தை மீண்டும் இவ்வினத்துட் கொணர முயன்றபோது, தூய்மை கெடும் என்று பலர் கொதித்தெழுந்தனர். அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு நிறமுடைய நாய்களைத் தனிப் பிரிவாகவே ஒதுக்கி வைத்தனர். கலப்பு என இகழப்பட்ட அந்நிறமே செவிக்குக் காவல் என்பது எத்துணை விந்தை!

மற்றொன்று, புகழால் வரும் கேடு. பெட்டை தன் வாழ்நாளில் ஈனும் குட்டிகள் சிலவே; பேர்பெற்ற கடுவனுக்கோ நூற்றுக்கணக்கிற் பிள்ளைகள் உண்டாகலாம். எல்லோரும் அதனையே நாடுவர். பாட்டனைப் பேத்தியோடு சேர்த்து அதன் உருவத்தை நிலைநிறுத்துவர். உருவத்தோடு மறைந்து கிடந்த நோயும் நிலைபெறும். இவ்வினத்துக் குட்டிகள் சில, பாதம் வெடித்து, வளர்ச்சி குன்றி, பெரும்பாலும் இரண்டு வயது நிரம்புமுன் இறந்துபோகும். அதற்குக் காரணமான மரபணு 2018இல் கண்டறியப்பட்டது. தாயும் தந்தையும் நலமாயிருந்தே அந்நோயைச் சுமந்திருப்பின், அவற்றின் குட்டிகளுள் நான்கில் ஒன்று அதற்கு இரையாகலாம்.

இவற்றை நாம் நூல்களில் மட்டும் கற்றோமல்லோம். பாமன்கடையில் நம் இல்லத்தே ஒரு வெள்ளைப் பெட்டை உண்டு. நிறங்கண்டு நம் பேர்த்தி அதற்குச் 'சங்கு' எனப் பெயரிட்டாள். அதனோடு வந்த வமிசாவளிப் பத்திரத்தை விளக்கடியில் விரித்து வைத்து ஒருநாள் எண்ணினோம். ஐந்தாம் தலைமுறைக்கு முப்பத்திரண்டு பெயர்கள் இருத்தல் வேண்டும்; இருந்தன. ஆனால் வெவ்வேறு நாய்கள் இருபத்தொன்றே. ஒரு கடுவன் மட்டும் நான்கிடத்து அமர்ந்திருந்தது. பத்திரம் பொன்னெழுத்திற் பளபளத்தது. மரமோ அடியில் ஒடுங்கியிருந்தது.

ஒழுங்கையில் முச்சக்கர வண்டி பின்னால் ஒலியெழுப்பினால், சங்கு ஒலி வந்த பக்கம் நோக்காது எதிர்ப்பக்கம் திரும்பும். வாய்க்காற் கரையில் நின்று நாம் அழைத்தால், சுற்றுமுற்றும் பார்த்து, நம்மைக் கண்ணாற் கண்டபின்னரே ஓடிவரும். மிருக வைத்தியர் பரிசோதித்து, இடக்காது கேளாதெனக் கூறினார். ஒரு காதாற் கேட்கும் நாய்க்கு ஒலி கேட்கும். அது வரும் திசை தெரியாது. அன்று முதல் அதனை வீதியில் வலப்பக்கம் நிறுத்தி, தெருவிற்கும் அதற்கும் இடையே நாம் நடக்கப் பழகினோம்.

இஃதிவ்வாறிருக்க, நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற நண்பரொருவர் வந்தார். அவரிடமும் நற்குலத்துக் கடுவன் ஒன்றுண்டு. இரண்டையும் சேர்க்கவேண்டும் என்றார். குட்டிகளுக்கு இப்பொழுதே ஆட்கள் காத்திருக்கின்றனர் என்றும், வரும் பணத்தில் நம் கூரையைப் புதுப்பிக்கலாம் என்றும் கூறினார். கூரை ஒழுகுவது உண்மைதான். காதின் நிலையைச் சொன்னோம்.

"இதென்ன காணும், ஒரு காதுதானே? மற்றக் காது நல்லாய்த்தானே இருக்குது? இப்படிப்பட்ட இரத்தத்தை வீணாக்கலாமோ?" என்றார்.

"வாங்குகின்றவருக்கு இடக்காதைப் பற்றியும் சொல்லுவீரோ?" எனக் கேட்டோம்.

அவர் சிறிது நேரம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "சொன்னால் ஆர் வாங்குவினம்?" என்றார்.

விடை அதிலேயே இருந்தது. சங்கின் வழி அதனோடு நிற்கும் என முடிவு செய்தோம். வைத்தியர் அதற்கு வேண்டியதைச் செய்தார். நண்பருக்குச் சிறிது மனத்தாங்கல். ஆயினும் சில திங்கள் கழித்துத் தம் கடுவனின் இரு செவிகளையும் பரிசோதிப்பித்ததாகத் தொலைபேசியில் அறிவித்தார். கூரையின் கீழ் இன்னும் வாளி வைத்திருக்கின்றோம்.

நம் தமிழ்நிலத்து நாயொன்றும் இவ்வழியில் நிற்கின்றது. இராசபாளையம் நாய்க்கும் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே பெருமை. அக்குட்டிகளுள்ளும் செவிடு உண்டு. 2005இல் இந்திய அரசு அதன் உருவத்தை அஞ்சல் தலையில் பொறித்தது. சென்னைச் சைதாப்பேட்டையில் தமிழக அரசின் நாய்ப்பண்ணையும் அதனை வளர்த்து வந்தது. அதனைப் பேணுவோர்க்குப் புல் ரெரியரின் வரலாறு நல்லதோர் பாடமாகும். நிறத்தைக் காக்க முனைவோர் செவியையும் காக்கக் கடவர்.

மாணவர்களுக்கு ஒரு சொல். நாயின் குலத்தை ஆராய்வது அந்நாய்க்கும் அதன் குட்டிக்கும் நன்மை விளைக்குமாயின் தகும். குலம் வினவும் அப்பழக்கத்தை மனிதரிடம் கொண்டு செல்லுதல் தகாது. நம் கல்லூரி வரவேட்டில் ஆசிரியர் நம் பெயரை அழைத்தபோது, பாட்டன் பெயரை எவரும் வினவவில்லை. அழைத்த குரல் கேட்டதா, நாம் விடை பகர்ந்தோமா என்பதையே கவனித்தனர்.