விளக்கை எண்ணிப் போடுங்கள்

வாசக அன்பர்களே, பிள்ளைகள் பண்டிகைப் படம் வரைந்து வந்து காட்டினால் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? வர்ணம் அழகா, முகம் சரியா என்றுதானே? ஆசிரியை நான் முதலில் கணக்கைத்தான் பார்ப்பேன். படத்தில் என்ன கணக்கு என்று சிரிக்காதீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, 1986-இல் வெளிவந்த 'ஆன் அமெரிக்கன் டெய்ல்' என்ற கார்ட்டூன் படத்தைப் போட்டுக் காட்டினோம். கதாநாயகன் ஃபீவல், ஒரு யூதச் சுண்டெலிப் பையன். கதை 1885-இல், ரஷ்யப் பேரரசின் ஷோஸ்ட்கா ஊரில் தொடங்குகிறது. ஹனுக்கா பண்டிகை இரவில், தலைமுறை தலைமுறையாக வந்த தொப்பியை அப்பா அவனுக்குக் கொடுக்கிறார். அன்றிரவே பூனைகள் வந்து குடியிருப்பை நாசமாக்குகின்றன. "அமெரிக்காவில் பூனையே கிடையாது" என்ற பேச்சை நம்பிக் குடும்பம் கப்பலேறுகிறது. போய்ப் பார்த்தால் அங்கும் பூனைகள்! ஆசை வார்த்தை கேட்டுக் கப்பலேறிய கதை நமக்குப் புதிதா? பிள்ளைகளுக்கு ஃபீவலைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அடுத்த ஓவியப் பாடத்தில், "ஃபீவல் ஹனுக்கா கொண்டாடுவதை வரையுங்கள்" என்றேன். பெரிய தொப்பியும் சிவப்புச் சட்டையும் எல்லார் தாளிலும் வந்துவிட்டன. ஒரு மாணவி மட்டும் நம் குத்துவிளக்கைப் போல ஐந்து சுடர் போட்டிருந்தாள். அழகான படம்தான். ஆனால் அது ஃபீவல் வீட்டு விளக்கு அல்லவே!

அந்தப் பண்டிகையின் கதையைச் சொன்னேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கஸ் என்ற அரசன் யூதர்களின் வழிபாட்டைத் தடை செய்தான். யூதர்கள் போராடி ஜெருசலேம் ஆலயத்தை மீட்டார்கள். விளக்கேற்ற ஒரு நாளுக்குப் போதுமான எண்ணெய்தான் இருந்ததாம். அது எட்டு நாள் எரிந்தது என்பது அவர்கள் மரபு. ஆகவே எட்டு இரவுகள். முதல் இரவு ஒரு விளக்கு, மறு இரவு இரண்டு என்று கூடிக்கொண்டே போகும். இவற்றை ஏற்றுவதற்கென்று ஒன்பதாவதாக ஒரு விளக்கும் உண்டு. அதன் பெயர் 'ஷமாஷ்'. பணியாள் என்று பொருள்.

"அப்படியென்றால் மூன்றாம் இரவு என்று வைத்துக்கொள்கிறேன், டீச்சர். மூன்றும் ஒன்றும் நான்கு" என்றாள் அந்த மாணவி. பையன்கள் எட்டு இரவுக்கும் கூட்டிப் பார்த்து, "மொத்தம் 44!" என்று கத்தினார்கள்.

பிறகு ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். "டீச்சர், நம்ம பண்டிகையே பிள்ளைங்களுக்குச் சரியாத் தெரியல. ஊரான் பண்டிகை எதுக்கு?" என்று பணிவாகத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. நான் மேசையிலிருந்த ஒரு தீபாவளி வாழ்த்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதில் காவடி தூக்கும் ஒருவரின் படம்! அவர் முகம் சிவந்துவிட்டது.

"இதை வரைஞ்சவன் நம்ம ஆளு ஒருத்தரைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"அதைத்தான் ஐயா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கேட்டுவிட்டு வரையுங்கள் என்று."

அவர் சற்று நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மகன் படத்தைக் காட்டச் சொன்னார்.

அவருக்கு நான் காட்டியது அந்தப் பணியாள் விளக்கைத்தான். பல வீடுகளில் அதை மற்ற எட்டையும்விட உயரத்தில் வைப்பார்கள். எல்லாவற்றையும் ஏற்றி வைக்கும் விளக்குக்கு மேலான இடம்! விடியுமுன் எழுந்து பால் மரம் சீவப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் குடும்பங்களுக்கு இதன் பொருளை விளக்கவா வேண்டும்?

அன்பர்களே, உங்கள் பிள்ளை அடுத்த வீட்டார் பண்டிகையை வரைந்தால் தடுக்காதீர்கள். அவர்களிடமே போய்க் கேட்டு, எண்ணிப் போடச் சொல்லுங்கள். நம் விளக்கை அவர்கள் வரையும்போதும், எத்தனை திரி என்று நம்மிடம் வந்து கேட்கட்டும்.