ஷிராஹாமாவில் ஓரிரவு, இரு வேளைச் சாப்பாடு

வெள்ளி, பிற்பகல் 3 மணி

ஒசாகாவிலிருந்து புறப்படும் 'குரோஷியோ' விரைவு ரயில், கீ தீபகற்பத்தின் மேற்குக் கரையோரமாகச் சுமார் இரண்டரை மணி நேரம் ஓடி ஷிராஹாமாவை எட்டுகிறது. இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஒசாகாக்காரர்கள்தான். பிப்ரவரிக் குளிரில் கடலில் கால் நனைக்க யாரும் வருவதில்லை. வெந்நீர் ஊற்றுக்காகவும் மீனுக்காகவும் வருகிறார்கள்.

கடலைப் பார்த்த ஒரு ரியோகான், அதாவது ஜப்பானிய மரபு விடுதி, மூன்று மணிக்குத்தான் விருந்தினரை ஏற்கும். அதற்குள் வந்துவிட்ட எழுபது வயது தம்பதி, வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு வரவேற்பறையில் காத்திருக்கிறார்கள். மணி அடித்ததும் 'நகாய்' எனப்படும் அறைப் பணிப்பெண் வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறார். அவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். அறைக்கதவை நின்றபடி திறப்பதில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, இரு கையாலும் நகர்த்துகிறார்.

உள்ளே தத்தாமிப் பாய் விரித்த தரை, தாழ்வான மேசை, சூடான தேநீர், கூடவே சின்னதாக ஓர் இனிப்பு. வெறும் வயிற்றில் வெந்நீரில் இறங்கினால் தலை சுற்றும், அதற்குத்தான் இனிப்பு என்பது விடுதிக்காரர்கள் சொல்லும் காரணம். கட்டில் கண்ணில் படவில்லை. கதவின் உட்புறத்தில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறது: சுனாமி வந்தால் எந்தப் படிக்கட்டு, எந்த மேடு.

"இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கா, ஆறரைக்கா?" என்று நகாய் கேட்கிறார். ஏழரை என்று ஒரு தெரிவு கிடையாது.

மாலை 4.30

குளிக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். உடை முழுவதையும் கூடையில் போட வேண்டும். குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்து அலசிய பிறகுதான் தொட்டியில் கால் வைக்கலாம். கையில் இருக்கும் சிறு துண்டு தண்ணீரில் படக்கூடாது. அதனால் முதியவர் அதை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்கிறார்.

பச்சை குத்தியவர்களுக்கு இன்னமும் பல இடங்களில் அனுமதியில்லை. 2015-இல் ஜப்பான் சுற்றுலா முகமை விடுதிகளிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவை மறுப்பதாகவே பதில் சொல்லின.

உடை மாற்றும் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தாள், ஊற்றுநீரின் பகுப்பாய்வு அறிக்கை. 1948-ஆம் ஆண்டின் 'ஆன்சென்' (வெந்நீர் ஊற்று) சட்டப்படி, நிலத்தடியிலிருந்து வரும் நீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; இல்லையென்றால் குறிப்பிட்ட தாதுக்களில் ஒன்றாவது போதிய அளவு கலந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியும். அறிக்கையைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

பக்கத்திலேயே இன்னொரு தாள்: பச்சைத் தண்ணீர் கலக்கிறோமா, சூடாக்குகிறோமா, அதே நீரைச் சுழற்றி விடுகிறோமா, மருந்து சேர்க்கிறோமா. இந்த அறிவிப்பு 2004-இல் நடந்த ஓர் அவமானத்தின் மிச்சம். பால் வெள்ளை நீருக்குப் பேர்போன, நாகானோ மாநிலத்து ஷிராஹோனே ஊற்றில் சில குளியல் இடங்கள் நிறத்துக்காகப் பொடி கலந்தது அந்த ஆண்டு அம்பலமானது. நாடெங்கும் விடுதிகள் மேல் சந்தேகம் எழுந்தது. மறு ஆண்டே விதி வந்தது.

ஷிராஹாமாவின் நீரில் உப்பு இருக்கிறது. துடைத்த பிறகும் தோலில் ஒரு மெல்லிய உப்புப் படலம் தங்கி, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. வெளியே வந்து அரைமணி ஆகியும் முதியவரின் முகம் சிவந்தே இருக்கிறது.

மாலை 6.30

தம்பதி யுகாத்தா என்ற பருத்தி அங்கி அணிந்து வருகிறார்கள். இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. தெரியாமல் மாற்றிக் கட்டிய வெளிநாட்டு இளைஞன் ஒருவனை நடைபாதையிலேயே நிறுத்தி, நகாய் சிரித்துக்கொண்டே சரிசெய்துவிடுகிறார்.

சாப்பாடு முழுக்க, ஷிராஹாமா இருக்கும் வாகாயாமா மாநிலத்துக் கணக்கு. குளிர்கால ராஜா, களவா இனத்தைச் சேர்ந்த 'குவே' மீன். முதலில் பச்சையாக, மெல்லிய வில்லைகளாக. பிறகு மேசை அடுப்பில் கொதிக்கும் சட்டியில், முட்டைக்கோசோடும் காளானோடும். தொட்டுக்கொள்ளும் சோயா சாறுக்கும் ஊர்ப் பெருமை உண்டு. ஜப்பானியச் சோயா சாறு பிறந்த ஊர் என்று சொல்லப்படும் யுவாசா, ரயில் வந்த வழியில்தான் இருக்கிறது. கடைசியில், மீன்சாறு மிஞ்சிய அதே சட்டியில் சோற்றையும் முட்டையையும் போட்டுக் கிண்டுகிறார்கள். அதுவரை அளந்து சாப்பிட்ட அம்மாள் இரண்டாவது கிண்ணம் கேட்கிறார்.

ஒவ்வொரு தட்டும் சமையலறையிலிருந்து நேரம் பார்த்து வருகிறது. ஆறா ஆறரையா என்ற கேள்வியின் காரணம் அதுதான். விருந்தினர் சாப்பிடும் நேரத்தில் இன்னொரு குழு அறைக்குள் போய், மேசையை ஓரம் தள்ளி, அலமாரியிலிருந்து ஃபுத்தோன் மெத்தைகளை எடுத்து விரித்துவிடுகிறது.

இரவு 9 மணி

வரவேற்பறையில் ஊர்ச் சரித்திரப் புத்தகம் கிடக்கிறது. 'முரோ ஊற்று' என்ற பழைய பெயரில் இந்த இடம் 'நிஹோன் ஷோகி' வரலாற்று நூலிலேயே வருகிறது. இளவரசர் அரிமா இங்கே வந்து குளித்துவிட்டுப் போய்ப் புகழ்ந்து சொல்ல, 658-இல் பேரரசி சாய்மெய் பட்டத்து இளவரசரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் இங்கிருந்தபோது தலைநகரில் அரிமா மேல் சதிக் குற்றம் சுமத்தப்பட்டது. அவரைப் பிடித்து இந்த ஊற்றுக்கே கொண்டுவந்து விசாரித்தார்கள். திரும்பும் வழியில் ஃபுஜிஷிரோவில் தூக்கிலிட்டார்கள். இருபது வயதுகூட நிறையவில்லை.

ஒரு புதிரும் உண்டு, நிலத்துக்கு அடியில். ஜப்பானின் பெரும்பாலான வெந்நீர் ஊற்றுகளுக்கு எரிமலைதான் அடுப்பு. கீ தீபகற்பத்திலோ உயிருள்ள எரிமலையே இல்லை. தீபகற்பத்தின் கீழே நழுவிப் போகும் பிலிப்பைன் கடல் புவித்தட்டிலிருந்து கசியும் ஆழ்நீர்தான் சூட்டையும் உப்பையும் மேலே கொண்டுவருகிறது என்று நிலவியலாளர்கள் விளக்குகிறார்கள்.

கடலடியில் இருக்கும் நன்காய் அகழியின் நிலநடுக்க அச்சத்துக்கும் அதே தட்டுதான் காரணம். 2024 ஆகஸ்ட் 8-இல் ஹ்யூகா கடலில் 7.1 அளவு நடுக்கம் ஏற்பட்டதும், அந்த அகழி பற்றிய எச்சரிக்கை வரலாற்றில் முதல்முறையாக வெளியானது. கோடை விடுமுறை உச்சத்தில் ஷிராஹாமா நகராட்சி ஒரு வாரம் கடற்கரையை மூடி, வாணவேடிக்கையையும் ரத்து செய்தது. அறைகள் காலியாயின.

சனி, காலை 6 மணி

இரவோடிரவாக ஆண், பெண் குளியலறைகளின் துணித்திரைகள் இடம் மாறிவிட்டன. இரு பக்கக் காட்சியும் இருவருக்கும் கிடைக்கட்டும் என்ற ஏற்பாடு. தூக்கக் கலக்கத்தில் பழைய பக்கம் திரும்பிய முதியவரை அவர் மனைவி கையைப் பிடித்து இழுக்கிறார்: "அங்கே இல்லைங்க, இந்தப் பக்கம்!"

எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு: சோறு, மிசோ சூப், சுட்ட கருவாடு, பக்கத்து மினாபே தோட்டங்களில் விளையும் உமே என்ற புளிப்புப் பழத்தின் ஊறுகாய். மினாபே, தனாபே பகுதியின் உமே சாகுபடி முறையை 2015-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. ஒரு காய்க்கு அரைக் கிண்ணம் சோறு இறங்குகிறது.

காலை 10 மணி

கட்டணம் அறைக்கு அல்ல, தலைக்கு. ஓரிரவும் இரு வேளைச் சாப்பாடும் சேர்ந்த ஒரே தொகை. அடியில் தனியாக, ஆளுக்கு 150 யென் குளியல் வரி. ஊற்றுப் பாதுகாப்பு, சுகாதாரம், தீயணைப்பு, சுற்றுலா ஆகியவற்றுக்காக நகராட்சிக்குப் போகும் பணம் அது.

விருந்தினர் போன பிறகு நகாய்க்கு மதியம் சில மணி நேரம் ஓய்வு. மாலையில் மறுபடி வேலை. விடிகாலையும் இரவும் உழைத்து நடுப்பகலைச் சும்மா கழிக்கும் இந்த இரட்டை வேளைக்கு இளையவர்கள் வருவதில்லை. 1980 வாக்கில் 80,000-ஐத் தாண்டியிருந்த ரியோகான்களின் எண்ணிக்கை, 2017-இல் 40,000-க்கும் கீழே வந்துவிட்டது. 2019-இல் தொடங்கிய புதிய விசா வகை, விடுதி வேலைக்கும் வெளிநாட்டினரை அனுமதித்தது. கனகாவா மாநிலத்து ஜின்யா விடுதி வேறு வழியில் போனது: வாரத்தில் சில நாட்கள் விடுதியையே மூடி, ஊழியர்களுக்கு ஒரேயடியாக விடுமுறை கொடுத்தது.

தம்பதிக்கு ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது. பாறைக்குள் அமைந்த, அலை தெறிக்கும் தூரத்தில் இருக்கும் 'சாகி நோ யு' திறந்தவெளிக் குளியலுக்குப் போகிறார்கள். கடல் கொந்தளித்தால் அதைத் திறக்க மாட்டார்கள். இன்று வாசலில் மூடியதாகப் பலகை தொங்குகிறது. அம்மாள் டாக்ஸியை அனுப்பாமல் நிறுத்தி வைத்து, ஊரில் வேறு எந்தப் பொதுக் குளியலறை திறந்திருக்கும் என்று ஓட்டுநரிடம் விசாரிக்கத் தொடங்குகிறார்.