கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர்

காலை ஐந்தரை மணிக்கு விழுந்ததால் யாருக்கும் காயமில்லை. இரண்டாம் மாடி பால்கனியின் அடிப்பகுதியிலிருந்து முறம் அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து, கீழ்வீட்டு பால்கனியில் நின்றிருந்த குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளை நசுக்கியது. 2023 ஜூலை. மழை கொட்டி, தில்லியில் யமுனை கரை மீறிய மாதம்.

மேல்வீட்டுக்காரருக்கு வயது 73. கும்பகோணம் பக்கத்திலிருந்து 21 வயதில் தில்லி வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 39 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யமுனைக்குக் கிழக்கே ஒரு கூட்டுறவுச் சங்கக் குடியிருப்பில் 1991இல் அந்த வீட்டை வாங்கினார். கடன் அடையப் பதினைந்து வருடம் ஆயிற்று.

கீழ்வீட்டு இளம் தாய் சண்டைக்கு வரவில்லை. நசுங்கிய சைக்கிளைக் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது அவருக்கு.

அவருக்குக் கான்கிரீட் மீது தனிப்பட்ட அபிமானம் உண்டு. காரணம், 1972 நவம்பரில் பிரகதி மைதானத்தில் நடந்த 'ஆசியா 72' வர்த்தகக் கண்காட்சி. சுதந்திரத்தின் வெள்ளி விழா ஆண்டு. கரோல் பாக் அறையிலிருந்து நண்பர்களோடு பஸ் பிடித்துப் போனவர், கடைகளை மறந்து 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கட்டடத்துக்குள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். 70 மீட்டருக்கு மேல் அகலம்; நடுவில் ஒரு தூண்கூட இல்லை. முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய கான்கிரீட் சட்டங்களே சுவராகவும் கூரையாகவும் நின்றன. அவற்றின் இடைவெளிகளில் வெயில் வடிகட்டி விழுந்தது. தஞ்சாவூர் ஜில்லாக்காரருக்குக் கோயில் மண்டபம் என்றால் தூண்தான். தூணில்லாத மண்டபம் அவருக்குப் புதிது.

வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால். நிற்க வைத்தவர் பொறியாளர் மகேந்திர ராஜ். சண்டிகரில் லெ கார்புசியேயின் கட்டடங்களில் தொழில் பழகியவர் அவர். அம்மாதிரிப் பின்னல் கூரைகளை உலகம் எஃகில்தான் கட்டிவந்தது. இந்தியாவில் அப்போது எஃகு விலை அதிகம், கிடைப்பதும் சிரமம். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே கம்பி கட்டி, அச்சடைத்து, கலவை ஊற்றி, அந்த இடத்திலேயே கான்கிரீட்டில் வார்த்தார்கள். பற்றாக்குறையே ஒரு புதுமையைப் பெற்றெடுத்தது.

அதன் பிறகு வருடாவருடம் நவம்பர் கண்காட்சிக்கு மனைவி, மகளோடு அவர் போனதற்கு அந்தக் கூரையும் ஒரு காரணம். 2017 ஏப்ரலில் ஓர் இரவில் புல்டோசர்கள் அதை இடித்தன. கட்டடக் கலைஞர்களின் மன்றாடல், நீதிமன்ற மனுக்கள் எதுவும் பலிக்கவில்லை. கட்டி 60 ஆண்டு ஆகாத கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாகக் கருத முடியாது என்பது தில்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு சொன்ன காரணம். 'எனக்கு 60 ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு 60 ஆகவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்' என்று அவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தோடு அவர் நின்ற பால்கனியின் அடிப்பகுதியை 32 வருடங்களில் ஒரு முறைகூட அவர் குனிந்து பார்த்ததில்லை.

சங்கம் அழைத்து வந்த இளம் பொறியாளர் சிறு சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். 'டங்' என்றால் நல்லது. 'டப்' என்றால் உள்ளே பிரிந்துவிட்டது. முக்கால்வாசி இடத்தில் 'டப்' என்றது. உடைந்த பரப்பில் ஒரு திரவத்தைத் தெளித்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்க்கும் அதே ஃபீனால்ஃப்தலீன். ஆழத்தில் கான்கிரீட் இளஞ்சிவப்பானது. வெளிப்பக்கம், கம்பி இருக்கும் மட்டம் வரை, நிறம் மாறவே இல்லை.

"அங்கிள், சிவப்பாகிற இடம் உயிரோடு இருக்கிறது" என்றார் இந்தியில்.

விஷயம் எளிமையானது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்கத்தான் உள்ளே கம்பி. வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் பிரியாமல் குடித்தனம் நடத்துகின்றன. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அது கம்பியைத் தொட்டபின் ஈரமும் சேர்ந்தால் துரு. துரு, தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டை வெடித்துத் தள்ளும்.

இதையெல்லாம் தள்ளிப்போடுவது கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே உள்ள கான்கிரீட் போர்வை. தளங்களுக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. இங்கே கம்பிகள் சில இடங்களில் விரல் நகக் கனத்தில் பூச்சுக்கு அடியில் கிடந்தன. தளம் போட்ட நாளில் கம்பிக்கு அடியில் யாரோ கட்டை வைக்கவில்லை. தில்லிக்காரர்கள் 'லென்ட்டர்' என்று சொல்லும் தளத்தைப் போடுகிற நாளில் லட்டு கொடுப்பார்கள். கம்பி எவ்வளவு உயரத்தில் கிடக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

"மேலே பூந்தொட்டி உண்டா?" என்று கேட்டார் பொறியாளர்.

உண்டு. பதினெட்டு. துளசி, மல்லிகை, கறிவேப்பிலை. மனைவி தினமும் ஊற்றிய தண்ணீர் தரை விரிசலில் இறங்கிக் கம்பியைத் தேடிப் போயிருக்கிறது. கம்பியும் சிமெண்டும் சேர்ந்த இந்த முறைக்கு 1867இல் காப்புரிமை வாங்கிய பிரெஞ்சுக்காரர் ஜோசப் மோனியே ஒரு தோட்டக்காரர். அவர் முதலில் செய்ததே செடி வைக்கும் தொட்டிதான் என்று பொறியாளர் சொன்னபோது, மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 26 அன்று மாலை, பிரகதி மைதானத்தில் பழைய ஹால் இருந்த அதே வளாகத்தில், பாரத் மண்டபம் திறக்கப்படுவதைத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை. கீழே சங்கக் கூட்டத்தில் இருந்தார். மூன்று யோசனைகள் வந்தன. பூசி, பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார்கள் சிலர். முழுக் கட்டடத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டப் பில்டரிடம் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். மூன்றாவது யோசனையில் செலவும் உண்டு, பெருமையும் கிடையாது. எல்லா பால்கனிகளையும் தட்டிப் பார்த்து, கெட்டதை வெட்டியெடுத்துச் சரிசெய்வது.

கூட்டத்தில் வழக்கமாகப் பேசாதவர் அன்று எழுந்தார். இந்தக் கான்கிரீட் ஒரே நாளில் கெடவில்லை என்றார். தீபாவளிக்குத் தீபாவளி வெள்ளையடித்து, விரிசலை மறைத்தது தாம்தான் என்றார். "அந்தக் குழந்தை ஆறு மணிக்கு எழுந்திருக்கும். அரை மணி நேரம்தான் நடுவில் இருந்தது" என்று உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது யோசனை சொற்ப வாக்கில் ஜெயித்தது.

வேலை முதலில் அவர் வீட்டில்தான். கீழிருந்து முட்டு கொடுத்தார்கள். உளுத்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்தார்கள். கம்பிகளைத் தேய்த்துத் துருவை நீக்கினார்கள். பாதியாகத் தேய்ந்துபோன மூன்றை வெட்டிவிட்டுப் புதியது கட்டினார்கள். அச்சடைத்துக் கலவை ஊற்றுவதற்கு முன்னால், கம்பிக்கு அடியில் சிறு சிமெண்ட் கட்டைகள் இருக்கின்றனவா என்று 73 வயதுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். மேஸ்திரி முறைத்தார். அவர் இறங்கவில்லை. ஓரிடத்தில் கட்டை இல்லை. வைக்கச் சொன்னார்.

அடுத்த ஏழு நாளும் சாக்கை நனைத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தது அவரேதான். சிமெண்ட் இறுக ஈரம் வேண்டும். காயவிட்டால் பலம் ஏறாது.

"துளசிக்குத் தண்ணி விடச் சொன்னா மறந்துடுவீங்க" என்றார் மனைவி.

தொட்டிகள் இப்போது இரும்பு ஸ்டாண்டுகளில், அடியில் தட்டுகளோடு நிற்கின்றன. பதினெட்டு, ஆறாகிவிட்டது. மழை விட்டதும் அவர் கீழ்வீட்டுக்கு ஒரு புது மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். கீழ்வீட்டம்மா வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பால்கனியில் விடலாமா?"

அவர் உள்ளே போய், அண்ணாந்து, சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, விடலாம் என்றார்.