வீட்டுப்பால்

நனைந்த பீடி இலைக்கு ஒரு வாசனை உண்டு. மழை விட்ட மறுநாள் சருகுக் குவியலைக் கிளறினால் வருமே, கிட்டத்தட்ட அதுதான். கூடவே தூளின் காரமும் ஈரச் சாக்கின் மக்கலும் சேர்ந்துகொள்ளும். முக்கூடலில் எங்கள் தெரு முனையில் கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு நேரே ஆச்சியின் திண்ணைக்குப் போய்விடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். தெருவில் எல்லாத் திண்ணையிலும் அதே வாசனைதான் என்பது அப்போது தோன்றவில்லை.

ஆச்சி காலை நீட்டி, மடியில் சொளவை வைத்து உட்கார்ந்திருப்பாள். தகரத்தை இலைமேல் பதித்துக் கத்தரி ஓட்டுகிற சத்தம், அடுத்த வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலிப் பாட்டு, நடுநடுவே ஆச்சி வாய்க்குள் எண்ணுகிற முணுமுணுப்பு. 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்ததும், அவள் சுற்றிப் போட்டதற்கெல்லாம் முனை மடக்குவது என் வேலை. மடக்கு சரியில்லை என்றால் கடையில் கழித்துப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஆச்சி என்னைத் திட்டமாட்டாள், கடைக்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டுவாள்.

ஆறாவது படிக்கும்போது பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, ‘மனிதப் பிறவியின் நோக்கம்’. பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு இப்படியொரு தலைப்பைக் கொடுக்க எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ! டீச்சர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் திண்ணைத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து, “அறம், பொருள், இன்பம், வீடு” என்று ஊருக்கே கேட்கும்படி உருப்போட்டேன். உருப்போட்டதில் தலைக்குக் கொஞ்சம் கனம் ஏறிவிட்டது. பெரிய ஞானிபோல இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டேன்.

“ஆச்சி, நாம எதுக்குப் பொறந்தோம்?”

“எங்கம்மா தை மாசத்துல பெத்தா. எதுக்குன்னு நான் கேட்டுக்கிடலியே.”

“வெளையாடாத ஆச்சி. நோக்கம் நாலு இருக்கு. ஆனா வள்ளுவர் 1330 குறள்ல மூணு பால்தான் எழுதிருக்காரு. வீட்டுக்கு மட்டும் தனிப் பால் இல்ல.”

கத்தரி நின்றது. ஆச்சி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். போன ஐப்பசியில் ஒழுகிய இடத்தில் ஓடுகள் கறுத்துக் கிடந்தன. ஓடு மாற்றத்தான் அவள் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அறத்தச் சொன்னாரு, பொருளச் சொன்னாரு, வீட்டப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லலியா? பாவம், வாடகை வீட்டுல இருந்திருப்பாரு.”

போட்டியன்று மேடையில் எல்லாம் தடதடவென்று வந்தது, ‘வீடு’ என்ற சொல் வரும்வரை. அங்கே வந்ததும், தாடியும் கொண்டையுமாக வள்ளுவர் ஒழுகுகிற கூரைக்குக் கீழே குண்டானை நகர்த்தி நகர்த்தி வைப்பது கண்ணில் தெரிந்துவிட்டது. சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்து இறக்கிவிட்டார்கள். ஆறுதல் பரிசாகக் கிடைத்த பச்சை சோப்பு டப்பாவை ஆச்சி வாங்கி, நூல்கண்டு போட்டு வைத்துக்கொண்டாள்.

கல்லூரியில் பரிமேலழகர் உரையைப் படித்தபோது, வள்ளுவர் ஏன் வீட்டுக்குத் தனிப் பால் வைக்கவில்லை என்பதற்கு விடை கிடைத்தது. வீடு என்பது மனத்துக்கும் சொல்லுக்கும் எட்டாதது, அதனால் அதற்கு வழியான துறவறத்தைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார் என்கிறார் அவர். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக இதைச் சொன்னேன். ஆச்சிக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது. இலையைத் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“மனசுக்கும் எட்டாதாமா?” என்றாள். “ஓட்டு வெலையக் கேட்டா எனக்கும் அப்படித்தாம்ட்டி இருக்கு.”

பிறகு சொளவை என் பக்கம் தள்ளினாள்.

“சும்மாதான இருக்க, நாலு கட்டுக்கு முனை மடக்கு.”