பீப்... பீப்... சிந்தாதிரிப்பேட்டை!

பவர் பட்டனை அமுக்குறீங்க. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர் மட்டும் கறுப்பா முறைக்குது. கூடவே 'பீப்... பீப்...'னு ஒரு அழுகை. நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ வேற! உடனே ஹாஸ்டல் நண்பர் ஒருத்தர் 'மதர்போர்டு அவுட்டு மச்சி'னு சங்கு ஊதுவார். நம்பாதீங்க பாஸ். மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் ஏரியான்னா, முதல் சந்தேகம் கடல் காத்து மேல வரணும்.

உங்க ஜன்னல் கம்பியைப் பாருங்க. பெயின்ட் அடிச்சு ரெண்டு வருஷத்துல துரு எட்டிப் பார்க்கும். அதே உப்பும் ஈரமும்தான் கேபினெட்டுக்குள்ளயும் போகுது. ராம் ஸ்டிக்கோட அடியில வரிசையா மின்னுறது தங்க முலாம். தங்கம் துருப்பிடிக்காது. ஆனா முலாம் ரொம்ப மெல்லிசு. அதுல விழுற கீறல் வழியா, கீழே இருக்குற நிக்கலும் செம்பும் களிம்பு கட்டிக்கும். தி.நகர் வாசிகளுக்கு உப்பு கொஞ்சம் கம்மி, தூசி ஜாஸ்தி (உபயம்: ரங்கநாதன் தெரு). டிடிஆர்4 ஸ்டிக்குல 288 பின். அதுல முக்கியமான ஒண்ணு சரியாத் தொடலைன்னாகூட சிஸ்டம் மக்கர் பண்ணும்.

வைத்தியச் செலவு? ஒரு பென்சில் ரப்பர்! பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை சில நொடி அமுக்கி மிச்ச கரண்ட்டை வடிய விடுங்க. கேபினெட் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கங்க. உடம்புல இருக்குற ஸ்டாட்டிக் இறங்கிடும். கொக்கியைத் தள்ளி ஸ்டிக்கை எடுத்து, மின்னுற பகுதியை மட்டும் மெதுவா தேயுங்க. மை அழிக்கிற சொரசொர ரப்பர் கூடவே கூடாது, முலாமையே சுரண்டிடும். துகளை பிரஷ்ஷால தட்டுங்க. ஸ்லாட்டுக்குள்ள வாயால ஊதுற பழக்கம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் உண்டு. எச்சில்தான் உள்ளே போகும், வேணாம். திரும்ப மாட்டும்போது 'க்ளிக்' சத்தம் கேட்கணும்.

அப்பவும் அழுகை நிக்கலையா? கிளம்புங்க ரிச்சி தெருவுக்கு. அடையாறுன்னா கஸ்தூரிபாய் நகர், மயிலாப்பூர்னா திருமயிலை... பறக்கும் ரயில் ஏறினா சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி நடந்துடலாம். தி.நகர் ஆளுங்க நந்தனத்துல மெட்ரோ பிடிச்சு அரசினர் தோட்டத்துல இறங்கலாம். கோட்டூர்புரம் தாண்டினதும் ரயில் அடையாற்றைக் கடக்கும், எட்டிப் பாருங்க. 2015 டிசம்பர்ல இந்த ஆறுதான் கரை மீறி வீடுகளுக்குள்ள புகுந்துச்சு. நனைஞ்ச போர்டை 'வேலை செய்யுதா பார்ப்போம்'னு ஆன் பண்ணாதீங்க. பேட்டரியைக் கழட்டி, சேறு போக சுத்தம் பண்ணி, முழுசா காய வைக்கிறதுக்கு முன்னாடி கரண்ட் ஏத்துனா, பிழைக்க வேண்டிய போர்டும் போயிடும்.

ரிச்சி தெருன்னு பேரு ஒண்ணுதான். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலாஜா பக்கம் போகாம இந்தப் பக்கமே சுத்துற சந்துங்கன்னு எல்லாத்துலயும் எலெக்ட்ரானிக்ஸ்தான். பைக் ஹாரனுக்கு நடுவுல, தோள்ல கேபினெட்டைச் சுமந்துக்கிட்டு ஒருத்தர் 'வழி வழி'னு வருவார். ஒதுங்கிக்கங்க. மாடிப்படி இடுக்குல, ஒரு லென்ஸும் சால்டரிங் அயனும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க பாருங்க சர்வீஸ் அண்ணனுங்க, அவங்கதான் நாம தேடி வந்தவங்க.

அங்கே 'ஸ்லாட் டெட், போர்டு மாத்தணும்'னு யாராவது சொன்னா, உங்க கண் முன்னாடியே அவங்ககிட்ட இருக்குற நல்ல ஸ்டிக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. உங்க ஸ்டிக் எந்த ஸ்லாட்லயும் ஓடலைன்னா ஸ்டிக் அவுட். எந்த ஸ்டிக்கும் ஒரே ஸ்லாட்ல மட்டும் ஓடலைன்னாதான் ஸ்லாட் மேல சந்தேகம். அப்பவும் தீர்ப்பு சொல்லிடாதீங்க. முன்னெல்லாம் மெமரியைக் கட்டுப்படுத்துற வேலை மதர்போர்டு சிப்செட்டோடது. ஏ.எம்.டி. 2003-லயும் இன்டெல் 2008-லயும் அதை ப்ராசஸருக்குள்ளயே கொண்டு போயிட்டாங்க. அதனால ப்ராசஸர் சாக்கெட்ல ஒரு பின் வளைஞ்சாலே ஒரு ஸ்லாட் செத்த மாதிரி நடிக்கும்! 'ப்ராசஸரைக் கழட்டி சாக்கெட்டை லென்ஸ்ல பாருங்கண்ணா'னு கேளுங்க. ஊசி முனையால அந்தப் பின்னை நிமிர்த்துறதைப் பார்த்தா, நம்ம லேப்ல ரெக்கார்ட் எழுதுற நேரமெல்லாம் வேஸ்ட்டோன்னு தோணும்.

ராம் வாங்கியே ஆகணும்னா இன்னொரு கவனம். டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்குமே 288 பின்தான், ஆனா நடுவுல இருக்குற வெட்டு வேற இடத்துல. அமுக்கித் திணிச்சா ஸ்லாட் காலி. பழைய ஸ்டிக்கைக் கையோட கொண்டு போங்க. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிட்டுப் போனதுல 2025 கடைசியில ராம் விலை எகிறிடுச்சு. பழசைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இன்னொரு ரவுண்டு ரப்பர் போடுறது தப்பே இல்ல.

பில் வாங்குங்க. வீட்டுக்கு வந்து மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த பில்லோட திரும்ப ரயில் ஏறுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம், பாதிக் கடை ஷட்டர் இறக்கியிருக்கும்.